யன்னலோரத்துப் பெண்: இன்றைய ஓவியங்களில் மனோரதியவாதம் விட்டுப்போனது என்ன?

கிடுகுவேலி எழுதியது:

இளைய ஓவியர்கள் பெண்களை வரையும் படங்களைக் கொஞ்சக் காலமாகக் கவனித்து வருகிறேன். பாதி யாழ்ப்பாணத்துக் கண்காட்சிகளில் பார்த்தவை, மீதி பேஸ்புக்கில். கைத்திறன் பற்றி எனக்கு ஒரு குறையும் இல்லை. விரல், கழுத்து, சேலை மடிப்பு எல்லாம் தயக்கமில்லாமல் வருகின்றன. உறுத்துவது வேறு. வரைகிறவர்கள் பலர், வரையப்படுகிற பெண் மட்டும் ஒருத்தி. தனியே இருக்கிறாள். யன்னலுக்கு வெளியேயோ கடலையோ பார்க்கிறாள். கூந்தல் அவிழ்ந்து கிடக்கிறது. ஒரு பக்கத்தால் பொன்னிற வெளிச்சம் விழுகிறது. எதற்கோ காத்திருக்கிறாள், எதற்கென்று படம் சொல்லாது.

இவள் எங்கிருந்து வந்தாள் என்று தேடிப்போனால் ஐரோப்பாவின் மனோரதியவாதக் (Romanticism) காலத்தில் போய் நிற்கிறோம். 18ஆம் நூற்றாண்டின் கடைசியிலிருந்து 19இன் நடுப்பகுதி வரை, அறிவைவிட உணர்ச்சியையும் ஒழுங்கைவிட இயற்கையின் பேருருவையும் பெரிதாக நினைத்த காலம். ஜெர்மன் ஓவியர் காஸ்பர் டேவிட் ஃபிரீட்ரிக் 1822இல் தன் மனைவி கரோலினை யன்னலோரத்தில் முதுகு காட்டி நிற்க வைத்து வரைந்தார். இருண்ட அறை, வெளியே கப்பல் பாய்மரங்கள், ஒரு துண்டு வானம். அந்த அலை ஓய்கிற நேரத்தில் இங்கிலாந்தில் ஓவியர் மில்லே 1851-52இல் ஷேக்ஸ்பியரின் ‘ஹம்லெற்’ நாடகத்து ஒஃபீலியாவைப் பூக்களோடு ஓடையில் மிதக்க விட்டார். இந்தியாவில் ரவி வர்மா ஐரோப்பிய எண்ணெய் வண்ண முறையைக் கைவசப்படுத்தி, காலில் முள் எடுப்பதுபோல் நின்று துஷ்யந்தனைத் திரும்பிப் பார்க்கும் சகுந்தலையை வரைந்தார். 1894இல் பம்பாயில் அவர் தொடங்கிய லித்தோ (கல்லச்சு) அச்சகம் அந்தப் பெண்களைச் சாதாரண வீடுகளின் சுவருக்குக் கொண்டுவந்தது. பிறகு கொண்டையா ராஜு காலத்துக் கலண்டர்கள், தமிழகத்து வார இதழ்களின் தொடர்கதைச் சித்திரங்கள், இப்போது போன் திரை.

என் வாதம் இதுதான். மனோரதியவாதம் கொடுத்ததில் ஒரு சின்னப் பகுதிதான் எங்கள் ஓவியர்களின் கையில் இருக்கிறது. அதுவும் பலமுறை பிரதியெடுத்து மங்கிப்போன பகுதி. மற்றவர்கள் என்ன நினைக்கிறீர்கள்?

லாச்சப்பல்வாசி எழுதியது:

நல்ல இழை. ஆனால் உங்கள் வரிசையில் பிரெஞ்சு ஓவியர் டெலக்ரோவாவைக் காணவில்லை. அவரை விட்டால் கதை பாதிதான்.

நான் பாரிஸில் இருக்கிறேன். அவருடைய ‘மக்களை வழிநடத்தும் சுதந்திரம்’ படத்தைச் சுத்தம் செய்து 2024 மே மாதம் லூவர் அருங்காட்சியகம் திரும்பவும் மாட்டியது. பழைய வார்னிஷின் மஞ்சளை எடுத்த பிறகு பார்த்தவர்களுக்கு அது புதுப்படம். புகை வெள்ளையாகவும் நீலமாகவும் தெரிகிறது, கொடியின் சிவப்பு பாய்ந்து வருகிறது. 1830 யூலைப் புரட்சியின் படம் அது, அதே ஆண்டில் வரைந்தது. நடுவில் நிற்கிற பெண் எதற்கும் காத்திருக்கவில்லை. பிணங்களைத் தாண்டி வருகிறாள், ஒரு கையில் கொடி, மறுகையில் துவக்கு. அவளுடைய அழுக்கும் அக்குள் மயிரும் அன்றைய பார்வையாளர் சிலரை முகஞ்சுளிக்க வைத்தன. அரசு 3000 பிராங்குக்கு வாங்கி, கொஞ்சக் காலத்திலேயே கண்ணில் படாமல் எடுத்து வைத்துவிட்டது. ஆகவே மனோரதியவாதத்துப் பெண் என்றாலே யன்னலோரத்துப் பெண் என்று எடுத்துக்கொள்ளக் கூடாது.

ஆனால் எனக்கு மிகவும் நெருக்கமானதும் என்னை மிகவும் தொந்தரவு செய்வதும் அவருடைய இன்னொரு படம். 1826, ‘மிசொலோங்கியின் இடிபாடுகளின் மேல் கிரேக்கம்’. போர்தோ நகர அருங்காட்சியகத்தில் இருக்கிறது. ஒட்டோமான் படைகள் முற்றுகையிட்டு அழித்த ஒரு நகரம். உடைந்த கற்களின் மேல் ஒரு பெண் முழங்கால் மடித்து, இரண்டு கைகளையும் விரித்துக்கொண்டு இருக்கிறாள். கற்களுக்கு அடியிலிருந்து இறந்தவனின் கை ஒன்று வெளியே நீள்கிறது. அவளுக்குப் பெயர் இல்லை, அவள் ஒரு நாடு. ஒவ்வொரு மே மாதமும் எங்கள் ஆட்கள் பகிர்கிற நினைவுச் சித்திரங்களைப் பாருங்கள். அதே விரித்த கைகள், அதே இடிபாடு. அந்த மாதம் எங்களுக்கு என்ன என்பதை நான் சொல்லத் தேவையில்லை. அந்தப் படங்களைப் பார்த்து நானும் அழுகிறவன்தான். ஆனால் நாட்டுக்காக ஒரு பெண்ணை முழங்காலில் இருத்தும்போது, முள்ளிவாய்க்காலில் உண்மையிலேயே பிள்ளையைத் தூக்கிக்கொண்டு ஓடின பெண்ணுக்குப் படத்தில் இடம் இல்லாமல் போகிறது. அவள் முழங்காலில் இருக்கவில்லை, அவளுக்கு அதற்கு நேரம் இருக்கவில்லை.

ஸ்பானிய ஓவியர் கோயா இதை வேறு மாதிரிச் செய்தார். ‘போரின் பேரழிவுகள்’ என்ற 82 அச்சுப்படங்களில், இடுப்பில் குழந்தையை வைத்துக்கொண்டே ஈட்டியால் சிப்பாயைக் குத்துகிற பெண் இருக்கிறாள். அழகு இல்லை, அடையாளச் சின்னமும் இல்லை. அவர் உயிரோடு இருந்தபோது அந்தத் தொகுப்பு வெளிவரவில்லை. இறந்து 35 ஆண்டுகள் கழித்து, 1863இல்தான் வெளியானது.

நெய்தல்நிலம் எழுதியது:

தம்பி கிடுகுவேலி, காத்திருக்கிற பெண்ணை ஐரோப்பாவிலிருந்து கப்பலில் வந்தவளாகக் காட்டுகிறீர்கள். நான் தமிழ் படிப்பித்தவன், இதைப் பேசாமல் விட முடியாது. முல்லைக்கு இருத்தல், நெய்தலுக்கு இரங்கல் என்று எங்கள் ஆட்கள் இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு முன்பே வகுத்துவிட்டார்கள். மாலை நேரம், கழி, புன்னை, திரும்பி வராத தேர். நிலத்தையும் மனத்தையும் ஒன்றாக வைத்துப் பார்ப்பதற்கு நாங்கள் ஃபிரீட்ரிக்கிடம் போக வேண்டியதில்லை. மண்டைதீவுக் கரையில் பின்னேரம் நின்றால் நெய்தல் திணை தானாக விளங்கும்.

ஆனால் உங்கள் கவலையில் ஒரு உண்மை இருக்கிறது, அதை அகப்பாட்டை வைத்தே சொல்கிறேன். அகப்பாட்டில் காத்திருக்கிற பெண் வாய் திறக்கிறாள். பாட்டே அவளுடைய பேச்சு, இல்லாவிட்டால் தோழியின் பேச்சு. குறுந்தொகையின் 28ஆம் பாட்டில் ஔவையாரின் தலைவி, தன் நோய் தெரியாமல் ஊரே நித்திரை கொள்கிறதே என்று, முட்டுவதா, தாக்குவதா, கூவுவதா என்று கேட்கிறாள். அப்படி ஒரு கோபம். கலண்டரில் வரும்போது அதே பெண்ணுக்குக் கோபமும் இல்லை, பேச்சும் இல்லை. நிலம் மிஞ்சியது, கூந்தல் மிஞ்சியது, வாய் போய்விட்டது.

இன்னொன்று. கூந்தல் அவிழ்வது எங்கள் மரபில் சோர்வுக்கு மட்டும் உரியதல்ல. கண்ணகி அவிழ்ந்த கூந்தலோடுதான் பாண்டியன் முன் போய் நிற்கிறாள். வற்றாப்பளைக் கண்ணகி கோயிலில் பொங்கலுக்குத் திரளும் சனத்தைப் பார்த்தவர்களுக்கு அந்தக் கூந்தல் எதைக் குறிக்கிறது என்று சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

மஞ்சள்காவி எழுதியது:

நான் வரைகிறவள். யன்னலோரத்தில் பெண்களை வரைந்திருக்கிறேன், கூந்தலை அவிழ்த்தும் வரைந்திருக்கிறேன். அதனால் இதை நேராகவே சொல்கிறேன்.

யன்னல் ஏன் வருகிறது தெரியுமா? எங்களில் பெரும்பாலானவர்களுக்கு ஸ்ரூடியோ கிடையாது. வீட்டில் ஒரு அறை, அதற்கு ஒரு யன்னல். உருவத்துக்கு வடிவம் தருகிற வெளிச்சம் அதிலிருந்துதான் வர வேண்டும். காசு கொடுத்து மொடல் பிடிக்க முடியாது. சித்தியோ தங்கச்சியோ சிநேகிதியோ இருந்து தருவார்கள், அதுவும் சமையல் முடிந்து, உடுப்புத் தோய்த்து, ஆறுதலாக இருக்கிற அரை மணித்தியாலத்தில். அந்த நேரத்தில் ஒரு மனிசி எப்படி இருப்பாள்? களைத்துப்போய் யன்னலைப் பார்த்துக்கொண்டுதான் இருப்பாள். மிச்சத்தை போனில் எடுத்த படத்தைப் பார்த்து முடிக்கிறோம். ஃபிரீட்ரிக்கைத் தெரியாதவர்களும் இப்படித்தான் வரைவார்கள்.

அடுத்தது இளையராஜா. கும்பகோணத்தில் படித்த ஓவியர் எஸ். இளையராஜா, 2021இல் கொரோனாவில் எங்களை விட்டுப்போனார். இந்த இழையில் அவர் பெயர் இன்னும் வராதது எனக்கு ஆச்சரியம். எங்கள் நிறத்துப் பெண்களை, எண்ணெய் பூசிய தலையோடும் மூக்குத்தியோடும், வாசற்படியிலும் அடுப்படியிலும் இவ்வளவு பொறுமையாக ஒருவர் வரையலாம் என்று எனக்குக் காட்டினது அவர்தான். ரவி வர்மாவின் பெண்களில் என் அம்மாவைக் காண முடியவில்லை. இளையராஜாவின் பெண்களில் காண முடிந்தது. அவருடைய படங்களைப் பார்த்து வரைந்துதான் தோலை வரையப் பழகினேன். அந்தக் கூரைவழி வெளிச்சம் மனோரதியம் என்றால், இருக்கட்டும், அது எனக்கு வேண்டும்.

சோகத்தைக் கடன் வாங்கினோம் என்று யாரும் சொல்லிவிடாதீர்கள். இங்கே எத்தனை வீட்டில் இன்னும் ஆளுக்காகப் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள் என்று எல்லாருக்கும் தெரியும்.

பண்ணைக்காற்று எழுதியது:

தங்கச்சி மஞ்சள்காவி சொல்வது ஓவியர் சொல்கிற பேச்சு. சித்திரம் படிப்பித்து ஓய்வு பெற்றவன் என்ற முறையில் வெளிச்சத்தையும் தோலையும் பற்றிக் கொஞ்சம் விரிவாக எழுதுகிறேன். கடன் வாங்கினது எது, சொந்தம் எது என்பது கடைசியில் அங்கேதான் தெரியும்.

ஃபிரீட்ரிக் பிறந்தது பால்டிக் கடற்கரையில். அந்த ஊர்களில் ஆண்டின் பெரும்பகுதியில் சூரியன் தாழ்வாகவே நகரும். வெளிச்சம் சரிந்து வரும், மெதுவாகப் போகும், அந்தி நீண்டு கிடக்கும். அந்தப் படங்களின் ஏக்கத்தில் பாதி அந்த வானத்தின் வேலை. யாழ்ப்பாணம் பூமத்திய ரேகைக்கு வடக்கே பத்துப் பாகையும் வராத இடம். சித்திரையிலும் ஆவணியிலும் சூரியன் உச்சந்தலைக்கு நேரே நிற்கும். பொழுது சாய்ந்தால் சட்டென்று இருட்டிவிடும். பொன்னிறச் சரிவு வெளிச்சம் எங்களுக்குக் கிடைப்பது காலையில் கொஞ்சம், பின்னேரம் கொஞ்சம். நாள் முழுக்க எங்கள் பெண்கள் நடமாடுவது வேறு வெளிச்சத்தில்.

அந்த வெளிச்சத்தைக் கவனித்துப் பாருங்கள். மேலிருந்து வருவதைப் போலவே கீழிருந்தும் வருகிறது. தீவுப்பகுதியில் வெண்மணலும் சுண்ணாம்புக்கல்லும் வெயிலைத் திருப்பி முகத்தில் எறியும். நாடிக்கு அடியிலும் மூக்கின் கீழும் நிழல் இருக்க வேண்டிய இடத்தில் ஒரு ஒளி இருக்கும். கோப்பாய், உரும்பிராய்ப் பக்கம் போனால் அதே இடத்தில் செம்மண்ணின் சிவப்பு ஏறும். ஐரோப்பியப் படத்தைப் பார்த்து வரைகிற பிள்ளைகள் அந்த இடத்தைக் கறுப்பாக்கி விடுவார்கள். படம் திறமாக இருக்கும், ஆனால் அந்தப் பெண் எங்கள் முற்றத்தில் நிற்கிறவளாக இருக்க மாட்டாள்.

தோலும் அப்படியே. வெள்ளையோடு மஞ்சள் காவியும் சிவப்பும் சேர்த்துச் சதைநிறம் எடுக்கிற பழைய கைமுறை எங்கள் தோலுக்குச் சரிவராது. கருந்தோலில் மிகப் பிரகாசமான இடம் பெரும்பாலும் குளிர்ந்த நிறம், ஏனென்றால் அது வானத்தைக் காட்டுகிறது. நெற்றி மேட்டில், தோளில் மெல்லிய நீலம் நிற்கும். நிழல்தான் சூடானது. கறுப்பு ரியூப்பைத் தொடாமல், சுட்ட சியன்னாவையும் (செம்பழுப்பு மண்நிறம்) அல்ட்ராமரின் நீலத்தையும் கலந்து பாருங்கள், நிழலுக்குள் இரத்தம் ஓடும். வெள்ளையை அதிகம் கலந்தால் தோல் சாம்பல் பூசினது போலாகிவிடும்.

இதில் டெலக்ரோவா பெரிய வாத்தியார். ‘அல்ஜியர்ஸ் பெண்கள்’ படத்தில் (1834) தோலின் நிழலில் பச்சை வைத்திருப்பார், அருகில் இளஞ்சிவப்பு. கிட்டப் போனால் கோடுகோடாகத் தெரியும், தள்ளி நின்றால் உயிர்த்தோல். அவருடைய நிறப் பாடத்தைப் பிறகு வந்த செஸானும் பிக்காசோவும் விடாமல் படித்தார்கள். ஆனால் அந்தப் படம் எப்படிக் கிடைத்தது என்பதையும் மறக்கக் கூடாது. 1830இல் பிரான்ஸ் வட ஆபிரிக்காவின் அல்ஜியர்ஸ் நகரைப் பிடித்தது. 1832இல் அந்த வழியே போன டெலக்ரோவாவுக்கு ஒரு வீட்டின் பெண்கள் பகுதியைக் கொஞ்ச நேரம் பார்க்க வாய்ப்புக் கிடைத்தது. சொந்த ஊரைப் பிறர் பிடித்திருக்கும்போது ஒரு அந்நிய ஆண் உள்ளே வந்து பார்க்கிறான். அந்தப் பெண்களின் மௌனத்துக்கு அதுவும் ஒரு காரணம். யாழ்ப்பாணத்தவர்களாகிய நாங்கள் இதை வாசிக்காமல் கடந்துபோகக் கூடாது. நிறத்தை எடுத்துக்கொள்ளலாம், அந்தப் பார்வையை எடுக்கத் தேவையில்லை.

எங்களிடமே முன்னோடிகள் இருக்கிறார்கள். யாழ்ப்பாணத்து ஓவியர் மாற்கு மாஸ்ரர் (1933–2000) எங்கள் இளையவர்களுக்குப் பார்த்து வரைவதிலிருந்து வெளியே வரச் சொல்லிக்கொடுத்தார். அவரிடம் படித்த வாசுகியின் படங்களில் பெண்ணுடல் பார்ப்பதற்கு வைத்த பொருளாக இல்லை, உள்ளேயிருந்து உணர்ந்த உடலாக இருக்கிறது. இந்திய ஓவியர் அம்ரிதா ஷெர்-கில்லையும் பாருங்கள். பாரிஸில் படித்தவர். 1935இல் வரைந்த ‘மூன்று பெண்கள்’ படத்தில் மூன்று பேரும் எங்களைப் பார்க்கவில்லை, சிரிக்கவும் இல்லை. சோகம் இருக்கிறது, இனிப்பு இல்லை. 1937இல் தெற்கே வந்து அஜந்தாவையும் கேரளத்தையும் பார்த்த பிறகு இன்னும் இறுகினது அவருடைய வண்ணம்.

கிடுகுவேலி எழுதியது:

பண்ணைக்காற்று மாஸ்ரர், இதற்காகவே இந்த இழையைத் தொடங்கலாம் போலிருந்தது. நன்றி.

மஞ்சள்காவி, யன்னலுக்கு நீங்கள் சொன்ன காரணம் எனக்கு முக்கியமாகப் படுகிறது. ஆனால் களைத்துப்போன அரை மணித்தியாலம் என்று நீங்கள் எழுதினீர்களே, அந்தக் களைப்பு படத்தில் வருகிறதா? பெரும்பாலான படங்களில் வருவது ஏக்கம். சமைத்து முடித்தவளின் கையில் மஞ்சள் இருக்கும், சட்டையின் ஓரம் ஈரமாக இருக்கும். அதைத் துடைத்துவிட்டு வரைந்தால் யாரோ ஒரு காவிய நாயகி மிஞ்சுகிறாள். என் குறை அந்தத் துடைப்பில்தான்.

எலிசபெத் சிடலின் கதை இதற்குப் பொருத்தம். மில்லேயின் ஒஃபீலியாவுக்குக் குளியல் தொட்டியில் கிடந்தவர் அவர்தான். தண்ணீரைச் சூடாக்க அடியில் வைத்த விளக்குகள் அணைந்து, அவருக்குக் குளிர்பிடித்து நோயானது. மருத்துவச் செலவைக் கேட்டு அவருடைய தகப்பன் மில்லேக்கு எழுதினார். ஓவியர் றொஸெட்டி சிடலை எத்தனையோ முறை வரைந்தார், சரிந்த இமைகளும் நீண்ட கழுத்துமாக. சிடல் தானும் ஓவியர், கவிஞர். 1850களின் நடுவில் அவர் தன்னைத்தானே வரைந்த சின்ன எண்ணெய் வண்ணப் படம் ஒன்று இருக்கிறது. கண் நேரே பார்க்கிறது. அழகுக்காக எதையும் மாற்றவில்லை. மற்றவர்கள் வரைந்த சிடலையும் அவர் வரைந்த சிடலையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் நான் சொல்ல வருவது விளங்கும்.

நெய்தல்நிலம் ஐயா கண்ணகியைச் சொன்னதும் ஒன்று தோன்றியது. சிந்தனையாளர் எட்மண்ட் பேர்க் 1757இல் எழுதும்போது, அச்சமும் பிரமாண்டமும் தருகிற பேருணர்வை ஒரு பக்கமும், மென்மையும் சிறிய அளவும் கொண்ட அழகை இன்னொரு பக்கமும் வைத்தார். பெண் அழகின் பக்கத்துக்குப் போனாள். புயலும் மலையும் ஆணுக்குப் போயின. மனோரதியவாத ஓவியர்களில் பலர் அந்தக் கோட்டைத் தாண்டவில்லை. எங்களிடமோ ஒரு நகரத்தை எரித்த பெண்ணைக் கும்பிடுகிற கோயில்கள் இருக்கின்றன. அந்தப் பேருருவை எங்கள் ஓவியர்கள் ஏன் எடுப்பதில்லை? கண்ணகி என்றால் உடனே சிலம்பைத் தூக்கிப் பிடித்த சிலை. மதுரை எரிந்த பிறகு, தனியே மேற்கே நடந்து போகிறாளே, அந்தக் கண்ணகியை யாராவது வரைய வேண்டும்.

செம்மண் எழுதியது:

எனக்கு ஓவியம் பற்றிப் பெரிதாகத் தெரியாது, இழையை முழுக்க வாசித்தேன். என் அம்மா இன்றைக்கும் வெங்காயத் தோட்டத்துக்குப் போகிறவர். எங்கள் பக்கத்தில் நாற்று நடுவது, களை எடுப்பது, வெங்காயம் பிடுங்கிப் பிடி கட்டுவது எல்லாம் பெண்கள். குருநகரில், பாசையூரில் மீன் விற்கிற பெண்கள் இருக்கிறார்கள். நண்டு உடைக்கிற இடங்களுக்கு விடியப்புறம் பஸ்ஸில் போகிற பிள்ளைகள் இருக்கிறார்கள். நான் பார்த்த படங்களில் பெண்கள் ஒரு வேலையும் செய்வதில்லை. குடம் வைத்திருந்தால் கூட அது தண்ணீர் இல்லாத குடம் மாதிரி இருக்கும், இடுப்பு வளைவதில்லை. இதைச் சொல்ல வேண்டும் போல இருந்தது.

பண்ணைக்காற்று எழுதியது:

தம்பி செம்மண், ஓவியம் தெரியாது என்று சொல்ல வேண்டாம். நிறைகுடத்துக்கு இடுப்பு வளைய வேண்டும் என்பது உருவ ஓவியத்தின் முதல் பாடம். பாரம் எங்கே இறங்குகிறது என்று பார்க்கத் தெரிந்தவனுக்குத்தான் உடம்பு வரையவரும்.

லாச்சப்பல்வாசி எழுதியது:

இன்றைக்கு மற்ற நாடுகளில் மனோரதியவாதத்தை எப்படிக் கையாளுகிறார்கள் என்பதையும் கொஞ்சம் பார்க்கலாம். இது முடிந்துபோன கதை இல்லை. 2024இல் ஃபிரீட்ரிக் பிறந்த 250 ஆண்டு நிறைவுக்கு ஹம்பர்க், பெர்லின், டிரெஸ்டன் மூன்று நகரங்களிலும் பெரிய கண்காட்சிகள் வைத்தார்கள்.

கெஹிண்டே வைலி என்ற அமெரிக்க ஓவியர் 2021 டிசம்பரில் லண்டன் நஷனல் கலரியில் வைத்த கண்காட்சிக்கு ஃபிரீட்ரிக்கையும் ஆங்கில ஓவியர் ரேணரையும் எடுத்துக்கொண்டார். லண்டனில் வாழும் கறுப்பின மக்களை நோர்வேயின் பனிக்குள் கொண்டுபோய் நிறுத்தினார். மலைமுன் நின்று சிந்திக்கிற உரிமை வெள்ளைத்தோல் ஆணுக்கு மட்டுமா என்பதுதான் அந்தப் படங்களின் கேள்வி. கேள்வி எனக்குப் பிடித்தது. படங்கள் கொஞ்சம் அதிகமாகப் பளபளக்கின்றன என்பது என் அபிப்பிராயம்.

லினெற் யாடொம்-போக்கியேயை நான் அதைவிட மேலே வைப்பேன். லண்டனில் பிறந்தவர், எழுத்தாளரும் கூட. அவர் வரைகிறவர்கள் உண்மை மனிதர்கள் இல்லை, கற்பனையில் பிறந்தவர்கள். இருண்ட பின்னணி, கருந்தோல், கோயாவை நினைவூட்டுகிற மங்கல் நிறங்கள். ஆனால் அவருடைய பெண்கள் எங்களுக்காகக் காத்திருப்பதில்லை. தங்களுக்குள் எதையோ யோசித்துக்கொண்டிருக்கிறார்கள், அல்லது பக்கத்திலிருப்பவரோடு சிரிக்கிறார்கள். மாஸ்ரர் சொன்ன தோல் பாடத்தை அவருடைய படங்களில் நேரே படிக்கலாம்.

பிரித்தானிய ஓவியர் ஜெனி சாவில் 1992இல் வரைந்த ‘முட்டுக்கொடுத்தவள்’ இன்னொரு வழி. டெலக்ரோவா காலத்துப் பிரமாண்ட அளவை எடுத்து, அதில் ஒரு ஸ்ரூலில் குந்தியிருக்கும் தன்னுடைய பெரிய உடம்பை நிரப்பினார். தொடையில் விரல்கள் அழுந்துகிற அந்த இடத்தில் சதைக்குப் பாரம் இருக்கிறது. 2018இல் அது 95 இலட்சம் பவுணுக்கு ஏலம் போனபோது, உயிரோடிருக்கும் பெண் ஓவியர் ஒருவரின் படத்துக்கு அதுவரை கிடைத்த ஆகக்கூடிய விலை அதுதான். இன்றைய ஓவியர் செசிலி பிரவுன், ஜெரிக்கோவும் டெலக்ரோவாவும் வரைந்த கப்பலுடைவுப் படங்களைத் திரும்பத் திரும்ப வரைந்து, உடல்களை வண்ணத்துக்குள் உடைத்துவிட்டார்.

இலங்கையில் அனோலி பெரேராவின் கூந்தல் புகைப்பட வரிசையைப் பாருங்கள். பழைய ஸ்ரூடியோப் படங்களில் போல உடுத்து, கதிரையில் இருக்கிற பெண்கள், முகம் முழுவதையும் கூந்தலால் மூடிவிட்டார்கள். பார்க்க வந்தவனுக்கு முகம் கிடைக்காது. கூந்தலைக் கண்ணகியிடமிருந்து ஒருவர் எடுக்கலாம், இப்படியும் எடுக்கலாம்.

மஞ்சள்காவி எழுதியது:

செம்மண் எழுதினதைப் பலதரம் வாசித்தேன். அடுத்த படங்களில் வேலை வரும். அது வாக்குறுதி இல்லை, எனக்கே அதுதான் இப்போது வரைய ஆசை.

ஆனால் ஒரு விசயத்தில் உங்கள் எல்லாரோடும் எனக்கு வழக்கு இருக்கிறது. முகத்தைக் காட்டாத பெண், வாயில்லாத பெண் என்று இரண்டையும் ஒன்றாக வைத்துப் பேசுகிறீர்கள். நான் இப்போது வரைந்துகொண்டிருப்பது காணாமல் ஆக்கப்பட்ட ஒருவரின் தாயை. 2017 மாசியில் கிளிநொச்சியில் தொடங்கின போராட்டத்திலிருந்து இன்றுவரை வீதிக்கு வருகிறவர்களில் ஒருவர். எனக்கு இருந்து தர அவர் சம்மதித்தார். ஆனால் முகம் வேண்டாம் என்றார். ஏன் என்று நான் கேட்கவில்லை, கேட்கவும் தேவையில்லை. எத்தனை பேர் வந்து அவர்களைப் படம் எடுத்துக்கொண்டு போனார்கள். பத்திரிகைக்காரர் எடுத்தார்கள், வேறு ஆட்களும் எடுத்தார்கள். அழும்போது எடுத்தார்கள். அந்த முகத்தை உலகம் போதுமானளவு பார்த்துவிட்டது.

ஆகவே முதுகு. ஃபிரீட்ரிக்கின் முதுகு என்று யாரும் சொல்லலாம். ஆனால் திரும்பி நிற்பது என்று முடிவெடுத்தது நான் இல்லை, அவர். இதை எப்படி வரைந்தால் அது அவருடைய முடிவு என்று பார்க்கிறவருக்குத் தெரியும்? மாஸ்ரர், உங்களைத்தான் கேட்கிறேன்.

பண்ணைக்காற்று எழுதியது:

இது பெரிய கேள்வி தங்கச்சி. யோசித்து எழுதுகிறேன்.

ஃபிரீட்ரிக்கின் முதுகுகளே இரண்டு வகை. 1818 அளவில் வரைந்த ‘எழும் சூரியன் முன் பெண்’ படத்தில் அவள் சரியாக நடுவில், கைகள் இரண்டும் தாழ்ந்து விரிந்து, கதிர்கள் அவளிலிருந்தே புறப்படுவதுபோல நிற்கிறாள். அங்கே அவள் ஒரு குறி மட்டும். நாங்கள் அவளுடைய இடத்தில் நின்று சூரியனைப் பார்க்கலாம், அவளைப் பற்றி எதுவும் தெரிய வேண்டியதில்லை. 1822 யன்னல் படத்தில் உடம்பு ஒரு பக்கம் சாய்ந்திருக்கிறது. பலகையில் ஊன்றி எட்டிப் பார்க்கிறாள். அது கரோலின் என்ற ஒருத்தியின் முதுகு.

அமெரிக்க ஓவியர் ஆண்ட்ரூ வயத் 1948இல் வரைந்த ‘கிறிஸ்டினாவின் உலகம்’ படத்தையும் எடுத்துப் பாருங்கள். புல்வெளியில் முதுகு காட்டிக் கிடக்கும் பெண். நடக்க முடியாத கிறிஸ்டினா ஒல்சன், சக்கர நாற்காலியை விரும்பாமல் தவழ்ந்தே போவார். முகம் தெரியாது. ஆனால் மண்ணில் ஊன்றிய மெலிந்த கைகளைப் பார்த்தால் அவருடைய பிடிவாதம் முழுக்கத் தெரியும். (உடம்பின் நடுப்பகுதிக்கு இருந்து கொடுத்தது வயத்தின் மனைவி, கைகளில்தான் கிறிஸ்டினா இருக்கிறார்.)

ஆகவே கைகளில் வேலை செய்யுங்கள். அவர் மகனின் படத்தை நெஞ்சோடு பிடித்திருப்பார். முதுகுப் பக்கமிருந்து அந்தப் படம் தெரியாது, ஆனால் முழங்கை இரண்டும் வெளியே வரும், தோள் இறுகும். பின்கழுத்தில் முடியை எப்படிக் கட்டியிருக்கிறார் என்பதை அப்படியே வையுங்கள், அவிழ்க்க வேண்டாம். சேலை வெயிலில் நின்று வெளுத்த சேலையாக இருக்கட்டும். முன்னால் கடலோ மூடுபனியோ வேண்டாம். அவர் உண்மையில் எதைப் பார்த்து நிற்பாரோ அதை வையுங்கள்: வீதி, தகரக் கொட்டில், எதிரே ஒரு அரச கட்டடத்தின் மதில். நடுப்பகல் வெளிச்சத்தில் வையுங்கள். நிழல் காலடியில் சின்னதாகக் கிடக்கட்டும்.

அளவு பெரிதாக இருக்க வேண்டும். ஆள் உயரம் என்றால் நல்லது. சின்னக் கன்வஸில் வரைந்தால் அது ஒரு இரங்கல் அட்டையாகிவிடும். டெலக்ரோவா நாட்டுக்குக் கொடுத்த அளவை நீங்கள் இந்த மனிசிக்குக் கொடுங்கள்.

நெய்தல்நிலம் எழுதியது:

பிள்ளை, மாஸ்ரர் சொன்னதோடு ஒன்றைச் சேர்க்கிறேன். அகப்பாட்டில் தலைவியின் பெயரைச் சொல்வதில்லை. பெயரைச் சொல்லாதது அவளை மறைக்க அல்ல, காக்க. அவள் பேச்சு முழுக்க எங்களிடம் இருக்கிறது. அந்த அம்மா இருந்து தந்தபோது உங்களோடு என்ன கதைத்தார்? அவர் விரும்பினால், படத்துக்குப் பக்கத்தில் அந்தச் சொற்களில் ஒன்றிரண்டை வைக்கலாம்.

மஞ்சள்காவி எழுதியது:

நிறையக் கதைத்தார் ஐயா. பெரும்பாலும் மகனைப் பற்றி இல்லை, ஆட்டைப் பற்றி, கிணற்றில் உப்பு ஏறினதைப் பற்றி, என் கல்யாணத்தைப் பற்றி. அதை எழுதி வைக்கலாமா என்று அவரிடம் கேட்கிறேன்.

மாஸ்ரர், ஆள் உயரக் கன்வஸுக்கு என் அறையில் இடம் போதாது. இரண்டு துண்டாகச் செய்து, இடுப்பளவில் சேர்க்கலாமா என்று பார்க்கிறேன். முழங்கை வெளியே வருகிற மாதிரி ஒரு கோட்டுப்படம், அவர் மதிலைப் பார்க்காமல் பக்கவாட்டில் நிற்கிற மாதிரி இன்னொன்று. இரண்டும் கரியில் போட்டாயிற்று. ஞாயிற்றுக்கிழமை கிளிநொச்சிக்குக் கொண்டுபோகிறேன். எது என்று அவர் சொல்லட்டும். இங்கே போடலாமா வேண்டாமா என்பதையும் அவரிடமே கேட்டுவிட்டு வருகிறேன்.